சாயம் போகாத கறுப்பு

“இந்தக் கறுப்புக்கு எவ்வளவு செலவு பண்ணியிருப்பாங்கடா?” என்று கேட்டாள் அக்கா.

ஸ்பெயினின் டொலேடோ நகரத்தில், சாந்தோ தோமே தேவாலயத்தின் சிறிய கூடம் ஒன்றில் நின்றிருந்தோம். எதிரே சுவரை நிறைத்துக்கொண்டு எல் கிரேக்கோவின் ‘ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்’. உயரம் கிட்டத்தட்ட ஐந்து மீட்டர். நான் பொன்னாடை போர்த்திய இரண்டு புனிதர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டமும் அவர்களைத்தான் பார்த்தது. அக்காவின் கண் மட்டும் அவர்களைத் தாண்டி, பின்னால் தோளோடு தோள் ஒட்டி நின்ற கறுப்பு உடைக்காரர்களிடம் போயிருந்தது.

அக்கா காஞ்சிபுரத்தில் சாயப்பட்டறைக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். முப்பது வருஷமாகப் பட்டுநூலும் சாயத்தொட்டியுமாகவே காலம் போகிறது. யார் என்ன துணி வாங்கி வந்து காட்டினாலும், விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டு, “நிக்குமா?” என்பாள். சாயம் நிற்குமா என்று அர்த்தம். ஸ்பெயின் ஓவியங்களைப் பார்க்க என்னோடு வருவதாக இருந்த மாமா, பட்டறை வேலை என்று கடைசி நேரத்தில் கையை விரிக்க, “ஓவியத்தைப் பத்தி எனக்கு என்னடா தெரியும்” என்று சொல்லிக்கொண்டே அவருக்குப் பதில் கிளம்பி வந்தவள். நான் புத்தகங்களைப் படித்து நூற்றாண்டு வாரியாகப் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். முதல் நாளே அந்த ஒரு கேள்வியில் பட்டியல் கலைந்தது. அதன்பிறகு போன இடமெல்லாம் கறுப்பைத்தான் பார்த்தேன்.

படத்தின் கதை கோயில் கட்டளைகளைப் பற்றிக் கேள்விப்பட்ட எவருக்கும் உடனே பிடிபடும். ஓர்காஸ் ஊரின் பிரபு 1323-ல் இறந்தார். தர்மவான். அவரை அடக்கம் செய்கையில் புனித அகுஸ்தீனும், நம்மூர்க் கத்தோலிக்கர் முடியப்பர் என்று கும்பிடும் புனித ஸ்தேவானும் வானிலிருந்து இறங்கி, தங்கள் கையாலேயே உடலைக் குழிக்குள் வைத்தார்கள் என்பது ஊர்க்கதை. ஓர்காஸ் ஊரார் ஆண்டுதோறும் இந்தத் தேவாலயத்துக்கு ஆடு, கோழி, திராட்சை மது, விறகு, பணம் எல்லாம் கொடுத்துவர வேண்டும் என்று பிரபு எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். இருநூறு வருஷத்துக்கு மேல் ஒழுங்காகக் கொடுத்தார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள். பங்குக் குரு ஆந்த்ரேஸ் நூன்யெஸ் வழக்குப் போட்டு 1569-ல் ஜெயித்தார். பழைய கதையை ஊர் மறுபடி மறந்துவிடாதபடி 1586-ல் எல் கிரேக்கோவிடம் இந்தப் படத்துக்குச் சொன்னார். 1588-ல் படம் முடிந்ததும் கூலியில் தகராறு. மதிப்பீட்டாளர்கள் 1,200 டுகாட் என்றார்கள். அதிகம் என்று தேவாலயம் முறையிட்டது. மறுமதிப்பீட்டுக்கு வந்தவர்கள் 1,600 என்றார்கள். கடைசியில் பழைய 1,200-க்கே தீர்ந்தது.

அடக்கம் நடந்தது 1323-ல். சுற்றி நிற்பவர்களோ எல் கிரேக்கோ காலத்து டொலேடோப் பெரிய மனிதர்கள். அத்தனை பேரும் கறுப்பு. கழுத்தில் மடிப்பு மடிப்பாகக் கஞ்சி போட்ட வெள்ளைப் பட்டை. தட்டில் வைத்ததுபோல ஒவ்வொரு தலையும்.

“கறுப்புதான்டா சாயக்காரனுக்குச் சோதனை” என்றாள் அக்கா வெளியே வந்து திண்ணை மாதிரி இருந்த கல்லில் உட்கார்ந்துகொண்டு. “மத்த கலர்ல கொஞ்சம் முன்னேபின்னே இருந்தா யாருக்கும் தெரியாது. கறுப்பு பழுப்படிச்சா உடனே தெரியும். அந்தக் காலத்து முறையில துரு சேர்த்துப் போட்டா நாளடைவில நூலையே தின்னுடும்.”

அவள் சொன்னது கலம்காரிக்காரர்களின் பழைய வித்தை. துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் நனைத்து, இரும்புத் துண்டும் வெல்லமும் நாள்கணக்கில் ஊறிய நீரைத் தொட்டு வரைந்தால் கோடு கறுத்துவிடும். ஐரோப்பாவில் கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்துக் காய்ப்புகள். துவர்ப்பும் இரும்பும் கூடிப் பிறக்கிற கறுப்பு இரண்டு இடத்திலும் ஒன்றுதான், துணி இற்றுப்போகும் கதையும் ஒன்றுதான். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் மெக்சிகோவின் யுகத்தான் கரையில் கம்பெச்சே மரத்தைக் கண்டார்கள். அதன் உள்கட்டையைச் சீவி ஊறவைத்து இரும்பு உப்போடு சேர்த்தால் ஆழமான கறுப்பு. கப்பல் கப்பலாகக் கட்டை வந்தது. மன்னர் ஐந்தாம் சார்லஸும் அவர் மகன் இரண்டாம் பிலிப்பும் கறுப்பு உடுத்தினார்கள். அவர்களைப் பார்த்து ஸ்பெயினின் கனவான்கள் உடுத்தினார்கள், ஸ்பெயினைப் பார்த்து மற்ற நாட்டு அரண்மனைகள் உடுத்தின.

நான் இதைச் சொன்னதும் அக்கா தலையாட்டினாள். “அப்போ அது எழவு வீட்டுக் கறுப்பு இல்ல. முகூர்த்தப் பட்டு மாதிரி, காசைக் காட்டுற கறுப்பு.”

இத்தனைக்கும் அந்தக் கறுப்பைத் தீட்டியவர் ஸ்பானியரே இல்லை. எல் கிரேக்கோ என்றால் ‘கிரேக்கர்’. 1541-ல் கிரீட் தீவில் பிறந்த தொமேனிகோஸ் தியோடோகோபுலோஸ், ஊரில் கிழக்குத் திருச்சபையின் திருவுருவப் படங்கள் எழுதப் பழகி, வெனிஸில் வண்ணமும் ரோமில் உடற்கட்டும் கற்று, 1577-ல் டொலேடோ வந்து, 1614-ல் இங்கேயே இறந்தார். இரண்டாம் பிலிப்பின் எஸ்கோரியல் மாளிகைக்கு ஒரு பெரிய படம் எழுதிக் கொடுத்தார். மன்னருக்குப் பிடிக்கவில்லை. காசு கொடுத்தார், பீடத்தில் மாட்டவில்லை. அரசவை கைவிட்டவரை இந்த ஊர் வைத்துக்கொண்டது.

அவருடைய மனிதர்கள் மெழுகுச் சுடர் போல நீண்டு நெளிவதைப் பார்த்து, அவருக்குக் கண்ணில் கோளாறு என்று சிலர் எழுதியதுண்டு. சாந்தோ தோமே படமே அதற்குப் பதில். கீழே மண்ணில் நிற்கிறவர்கள் அளவோடு இருக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் போல. மேலே விண்ணகத்தில்தான் உடல்கள் நீள்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு தேவதை, பிரபுவின் ஆவியைப் பனிப்புகையாலான சிசுவைப் போல ஏந்திக்கொண்டு மேலே நுழைக்கிறது. உயிரைச் சிசுவாக எழுதுவது கிரீட்டில் கற்ற பழைய மரபு. இடது மூலையில் நின்று பிரபுவைச் சுட்டிக் காட்டுகிற பையன் ஓவியரின் மகன். அவன் சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்க்கிற கைக்குட்டையில் ஓவியரின் கையொப்பமும் மகன் பிறந்த 1578-ம் இருக்கின்றன. முப்பத்தேழு வருஷம் டொலேடோவில் இருந்தவர் கையெழுத்தைக் கடைசிவரை கிரேக்க எழுத்தில்தான் போட்டார்.

*

டொலேடோவிலிருந்து மாட்ரிட் ரயிலில் அரைமணி நேரம். பிராடோ அருங்காட்சியகத்தில் படம் எடுக்கக் கூடாது. அதனால் அங்கே கைகள் சும்மா இருக்கின்றன, கண்கள் வேலை செய்கின்றன. 1819-ல் திறந்த இந்தக் கட்டடத்தை முதலில் இயற்கை அறிவியல் கூடமாகத்தான் கட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

அக்காவை முதலில் நிறுத்திய படம் ஒரு காய்கறிப் படம். சான்செஸ் கோட்டான் 1602-ல் எழுதியது. கல் ஜன்னல் ஒன்று. மேலிருந்து நூலில் தொங்கும் எலுமிச்சை, ஆப்பிள், பறவைகள். கீழே சாய்ந்து கிடக்கும் கார்தோ என்ற தடித்த தண்டுக் காய், முதுகெலும்பு போல வளைந்து. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தோட்டமோ வானமோ இல்லை, மொத்தமும் இருட்டு. இந்த வகைப் படத்துக்கு ஸ்பானிய மொழியில் ‘போதெகோன்’ என்று பெயர். சாப்பாட்டுக் கடையைக் குறித்த சொல். கோட்டானும் டொலேடோக்காரர்தான். அடுத்த ஆண்டே கார்த்தூசியத் துறவிகளின் மடத்தில் சேர்ந்துவிட்டார். மேலே எல் கிரேக்கோவின் விண்ணகம் கொந்தளித்துக்கொண்டிருந்த அதே ஊரில் ஒருவர் தண்டுக் காயை இவ்வளவு பயபக்தியோடு பார்த்திருக்கிறார்.

கொஞ்சம் தள்ளி சுர்பரானின் ஆட்டுக்குட்டி. நாலு காலும் சேர்த்துக் கட்டி, சாம்பல் நிற மேடையில் கிடக்கிறது. சிறிய படம். பின்னால் கறுப்பு. ஒளிவட்டமோ சிலுவையோ ஒன்றும் எழுதவில்லை, கம்பளியின் சுருள்களை மட்டும் எண்ணி எண்ணி எழுதியிருக்கிறார். இயேசுவைக் குறிக்கும் பலியாட்டுக்குட்டி என்பது பார்ப்பவருக்குத் தானாகத் தெரிகிறது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் நின்று, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடந்தாள்.

நேப்பிள்ஸில் வாழ்ந்த ரிபேராவின் சுருக்கம் விழுந்த கிழட்டுத் துறவிகளையும், முரில்யோவின் மேகத்தில் மிதக்கும் மாதாக்களையும் வேகமாகக் கடந்தோம். ஏனென்றால் அடுத்து வெலாஸ்கெஸ்.

1599-ல் செவில்லேயில் பிறந்த தியேகோ வெலாஸ்கெஸ், 24 வயதில் நான்காம் பிலிப்பின் அரசவை ஓவியரானார். அவர் எழுதிய இளம் மன்னரின் முழு உருவப் படம் இங்கே இருக்கிறது. தலைமுதல் கால்வரை கறுப்பு. ஆனால் கழுத்தில் அந்தக் கஞ்சிப் பட்டை இல்லை. 1623-ல் ஆடம்பரத்தைக் குறைக்கச் சட்டம் போட்டு, மடிப்புப் பட்டையை ஒழித்து, அட்டை வைத்துத் தைத்த தட்டையான கோலில்யா காலரைக் கொண்டு வந்தார்கள். பொக்கிஷத்தில் கடன், கழுத்தில் சிக்கனம். மன்னரின் கால்களைக் கிட்டே பார்த்தால், முதலில் வேறு இடத்தில் எழுதிய கால்களின் நிழல் மேல்பூச்சைத் துளைத்துக்கொண்டு தெரிகிறது.

“பழைய சாயத்து மேலேயே மறுசாயம் போட்டா இப்படித்தான்” என்றாள் அக்கா திருப்தியோடு.

எனக்கு இந்த அறைகளில் மிகவும் பிடித்தது ஒரு விகடகவியின் படம். பாப்லோ தே வாயதோலித், மன்னரை மகிழ்விக்க இருந்த நடிகன். 1635 வாக்கில் எழுதியது. கறுப்பு உடையில் காலை அகட்டி நின்று, கையை நீட்டி ஏதோ வசனம் பேசுகிறான். அவனுக்குப் பின்னால் சுவர் இல்லை. காலடியில் தரைக்கோடு இல்லை. சாம்பலும் மஞ்சளும் கலந்த ஒரு வெறுமை, அவன் பாதத்தை ஒட்டிச் சின்ன நிழல், அவ்வளவுதான். ஆனால் அவன் அந்தரத்தில் மிதக்கவில்லை, ஊன்றி நிற்கிறான். 1865-ல் பாரிசிலிருந்து வந்த ஓவியர் மானே இதைப் பார்த்துவிட்டு, இவனைச் சூழ்ந்திருப்பது வெறும் காற்று என்ற பொருளில் நண்பருக்குக் கடிதம் எழுதினார். ஊருக்குத் திரும்பி அதே பாணியில் தானும் எழுதிப் பார்த்தார். டொலேடோவில் காசைக் காட்டிய கறுப்பு இங்கே காற்றைக் காட்டியது.

பிறகு 12-ம் அறை. ‘லாஸ் மெனினாஸ்’, 1656. ஐந்து வயது இளவரசி மார்கரீத்தா, இரு பக்கமும் தோழிப் பெண்கள், குள்ளர்கள் இருவர், அவர்களில் சிறியவனின் கால்பட்டும் கண்ணைத் திறக்காத பெரிய நாய், பின்னால் திறந்த கதவின் வெளிச்சத்தில் ஒரு மனிதர், கண்ணாடியில் மங்கலாக மன்னரும் அரசியும், இடது பக்கம் தூரிகையோடு வெலாஸ்கெஸ். பலரும் நம்மைப் பார்க்கிறார்கள். மன்னர் நின்றிருக்க வேண்டிய இடத்தில் நாம் நிற்கிறோம். இதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருந்தும், நேரில் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது: இத்தனை பேரும் படத்தின் கீழ்ப்பாதியில்தான் இருக்கிறார்கள். மேல்பாதி முழுக்க ஆளில்லாத அறை. இருண்ட உத்தரம், விளக்கில்லாமல் தொங்கும் இரண்டு கொக்கிகள், நிழலில் மூழ்கிய படங்கள். மேலே அவ்வளவு இருட்டு இருப்பதால்தான் கீழே அந்தச் சிறுமியின் வெள்ளைக் கவுன் அப்படி ஒளிர்கிறது. கவுனின் சரிகையைப் பார்க்கக் கிட்டே போனால் சரிகை கலைந்து வெறும் தூரிகைத் தீற்றலாகிவிடுகிறது. நாலு அடி பின்வாங்கினால் மறுபடி சரிகை.

வெலாஸ்கெஸின் கறுப்புச் சட்டையில் செந்நிறச் சிலுவை ஒன்று இருக்கிறது. சந்தியாகோ வீரர் குழாத்தின் சின்னம். அதில் சேர, குலத்தில் குறையில்லை, கையால் வேலை செய்து கூலிக்குப் பிழைக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டும். நூற்றுக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தார்கள். அவர் படத்தை விற்றுப் பிழைப்பவர் இல்லை, மன்னரின் விருப்பத்துக்காக எழுதுகிறவர் என்று சாட்சிகள் சொன்னார்கள். அப்படியும் குல நிரூபணம் போதாமல் போப்பாண்டவரின் விலக்கு வாங்கித்தான் 1659-ல் பட்டம் கிடைத்தது. படமோ அதற்கு மூன்று வருஷம் முந்தையது. சிலுவை பிறகு சேர்த்தது. மறு ஆண்டே அவர் இறந்துவிட்டார்.

“இவ்வளவு எழுதியும் கைத்தொழில்காரன்னு தள்ளி வெச்சிருக்காங்க” என்று அக்கா முணுமுணுத்தாள். சாயத்தில் ஊறிய விரல்களைப் பற்றி அவளுக்குச் சொந்தக் கதைகள் உண்டு.

*

மறுநாள் காலை மன்சனாரெஸ் ஆற்றங்கரைக்குப் போனோம். அங்கே சான் அந்தோனியோ தே லா புளோரிதா என்ற சிறு ஆலயம். அதன் விதானத்தை 1798-ல் பிரான்சிஸ்கோ கோயா எழுதினார். பதுவை அந்தோணியார் செத்தவனை எழுப்பிச் சாட்சி சொல்ல வைத்த அற்புதம். கதை நடந்தது லிஸ்பனில். ஆனால் கோயா விதானத்தைச் சுற்றி ஓர் இரும்புக் கம்பித் தடுப்பை எழுதி, அதன்மேல் மாட்ரிட் தெருக்காரர்களைச் சாய்த்து வைத்திருக்கிறார். வேடிக்கை பார்க்கும் பெண்கள், தடுப்பில் ஏறும் பையன்கள், அற்புதத்தைக் கவனிக்காமல் வம்பளக்கிறவர்கள். தேர்த்திருவிழாவுக்கு மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரில் தொங்கும் நம் ஜனங்கள்தான். கோயாவின் கல்லறையும் 1919 முதல் இங்கேதான். போர்தோ நகரில் 1828-ல் இறந்தவரின் குழியை அறுபது வருஷம் கழித்துத் திறந்தபோது மண்டையோடு இல்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

பக்கத்தில் நடை தூரத்தில் சுவர் சூழ்ந்த ஒரு சிறிய இடுகாடு, பூட்டியிருந்தது. 1808 மே மாதம் நெப்போலியனின் படையை மாட்ரிட் மக்கள் எதிர்த்தபோது, பிடிபட்டவர்களை விடிவதற்குள் அருகிலிருந்த பிரின்சிபே பியோ குன்றில் சுட்டார்கள். அவர்களில் 43 பேரை இங்கே புதைத்தார்கள். அன்று மாலை பிராடோவுக்குத் திரும்பிப் போய் ‘1808 மே மூன்று’ படத்தின் முன் நின்றபோது அந்தப் பூட்டிய கதவு மனதில் இருந்தது.

தரையில் ஒரு விளக்குப் பெட்டி. அதன் ஒளி முழுக்க ஒருவனின் வெள்ளைச் சட்டையில். மண்டியிட்டு இரு கையையும் விரித்திருக்கிறான். உள்ளங்கையில் ஆணிக்காயம் போல ஒரு தழும்பு. எதிரே துப்பாக்கியேந்திய சிப்பாய்கள். ஒருவனுக்கும் முகம் இல்லை, முதுகுகள் மட்டும். மேலே முழுக் கறுப்பு வானம். சம்பவம் நடந்து ஆறு வருஷம் கழித்து 1814-ல் எழுதியது. வெலாஸ்கெஸின் கறுப்பில் மூச்சு விட முடிந்தது. இந்த வானத்தில் முடியவில்லை.

கோயா வெலாஸ்கெஸிடம் நேராகப் பாடம் படித்தவர் மாதிரிதான். 1778-ல் அவருடைய படங்களைச் செப்புத்தகட்டில் நகல் எடுத்தார், ‘லாஸ் மெனினாஸ்’ உட்பட. நான்காம் சார்லஸின் குடும்பப் படத்தில் இடது பக்க இருட்டில் தன்னையும் நிறுத்திக்கொண்டார். இடையில் 1792-ல் வந்த நோயில் காது போனது. 1819-ல் ஊருக்கு வெளியே ஒரு வீடு வாங்கினார். ‘செவிடர் வீடு’ என்று பெயர். அந்தப் பெயர் அவரால் வந்ததில்லை, அதற்கு முன்பே அங்கே ஒரு செவிடர் இருந்தாராம். அந்த வீட்டுச் சுவர்களில், யாரும் கேட்காமல், யாருக்கும் விற்காமல், 14 படங்கள் எழுதினார். தலைப்புக்கூட வைக்கவில்லை. 1874 முதல் சுவரிலிருந்து உரித்துத் துணிக்கு மாற்றினார்கள். ‘கறுப்பு ஓவியங்கள்’ என்பது ஊர் வைத்த பெயர்.

மகனைக் கடித்துத் தின்னும் சனி தேவனின் முன்னால் கூட்டம் கூடியிருந்தது. நாங்கள் நாயின் முன்னால் நின்றோம். உயரமான துணியில் முக்கால்வாசிக்கு மேல் மங்கிய மண்மஞ்சள். அடியில் சரிவாக ஒரு பழுப்புப் பட்டை. அதற்கு மேலே ஒரு நாயின் தலை மட்டும். புதைகிறதா, நீந்துகிறதா, எட்டிப் பார்க்கிறதா, சொல்ல முடியாது. ‘லாஸ் மெனினாஸ்’ நாய் அரண்மனைத் தரையில் நிம்மதியாகக் கண்ணை மூடிக் கிடந்தது. நூற்று அறுபது வருஷத்தில் நாய்க்குத் தரையே போய்விட்டது.

அங்கிருந்து சில அறைகள் தள்ளி சொரோயாவின் கடற்கரை வந்தபோது, அக்கா “அப்பாடா” என்று வாய்விட்டுச் சொன்னாள். வலென்சியாவில் 1863-ல் பிறந்தவர் ஹொவாக்கின் சொரோயா. ஈர மணலில் குப்புறப் படுத்த மூன்று பையன்கள். உடம்பில் தண்ணீர் மினுங்குகிறது. நிழல்களைக் கிட்டே பார்த்தால் ஊதா, நீலம், காவி. கறுப்புக்கு வேலையே இல்லை. பள்ளிக்கூடத்தில் எங்கள் டிராயிங் சார், நிழலுக்குக் கறுப்பைத் தொட்டால் விரலில் அடிப்பார். சொரோயாவைப் பார்த்திருந்தால் அவரைக் கட்டிக்கொண்டிருப்பார். ஸ்பெயின் என்றால் கறுப்புதான் என்று நான் போட்டுக்கொண்டிருந்த கணக்கை இந்த மூன்று பையன்கள் சிரித்துக்கொண்டே கலைத்தார்கள். பிறகு வந்த ஓவியர் மிரோவும் அந்தப் பையன்கள் பக்கம்தான். சிவப்பும் நீலமும் மஞ்சளும் குழந்தை கையில் கிடைத்ததுபோல.

ஆனால் கறுப்பு முடிந்துவிடவில்லை.

*

பிராடோவிலிருந்து பத்து நிமிஷ நடையில் ரெய்னா சோபியா. பதினெட்டாம் நூற்றாண்டில் மருத்துவமனையாகக் கட்டிய கட்டடம். தடித்த சுவர்களும் நீண்ட தாழ்வாரங்களும் இன்னும் அப்படியே. இங்கே இருக்கிறது பிக்காசோவின் ‘குவெர்னிகா’. நீளம் ஏழே முக்கால் மீட்டர், உயரம் மூன்றரை. பல வருஷம் இதன் எதிரே படம் எடுக்கத் தடை இருந்தது. 2023-ல் விலக்கிவிட்டார்கள். அதனால் முதலில் தெரிவது தூக்கிப் பிடித்த கைபேசிகள். அவற்றுக்கு மேலேதான் குதிரையின் வாய்.

1937 ஏப்ரல் 26, திங்கள்கிழமை, சந்தை நாள். ஸ்பானிய உள்நாட்டுப் போர்க்காலம். பாஸ்க் ஊரான குவெர்னிகாவின் மேல், குடியரசை எதிர்த்த தளபதி பிராங்கோவுக்குத் துணையாக வந்த ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் குண்டு பொழிந்தன. பாரிஸில் இருந்த பிக்காசோ, அந்த ஆண்டின் உலகக் கண்காட்சியில் ஸ்பானியக் குடியரசின் அரங்குக்காக ஒரு சுவர் ஓவியம் எழுதித் தர ஒப்புக்கொண்டு, என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தார். செய்தித்தாள் வந்தது. ஏறத்தாழ ஐந்து வாரத்தில் முடித்தார்.

கறுப்பு, வெள்ளை, சாம்பல். வேறு நிறமே இல்லை. குதிரையின் உடம்பில் அச்செழுத்து வரிசை போலச் சின்னச் சின்னக் கோடுகள். செத்த பிள்ளையோடு அலறும் தாய், காளை, எரியும் வீட்டிலிருந்து கையை உயர்த்தும் பெண். உச்சியில் கண் மாதிரி ஒரு மின்சார பல்பு. ஸ்பானிய மொழியில் பல்புக்கு ‘பொம்பிய்யா’, வெடிகுண்டுக்கு ‘பொம்பா’. அதற்குப் பக்கத்தில் ஜன்னல் வழியாக ஒரு பெண் நீட்டுகிற எண்ணெய் விளக்கு. கோயாவின் விளக்குப் பெட்டி தரையில் இருந்தது, சுடுகிறவனுக்கு உதவியது. இந்த விளக்கு என்ன நடந்தது என்று பார்க்க வந்தது.

அந்த உள்நாட்டுப் போர் நடந்தபோது பிராடோவின் பெயரளவு இயக்குநர் பிக்காசோ. 1936-ல் குடியரசு அவரை நியமித்தது. மாட்ரிட்டின் மேல் குண்டு விழுந்ததால் பிராடோவின் படங்களை லாரியில் ஏற்றி வலென்சியாவுக்கும், பிறகு கத்தலோனியாவுக்கும், கடைசியில் ஜெனிவாவுக்கும் கொண்டு போனார்கள். ‘லாஸ் மெனினாஸ்’ போனது. 1938-ல் வழியில் நேர்ந்த விபத்தில் கோயாவின் ‘1808 மே மூன்று’ படமும் அதன் ஜோடிப் படமும் கிழிந்தன. சுடப்பட்டவனின் படம் இன்னொரு போரில் காயம்பட்டது. ‘குவெர்னிகா’வும் அகதியானது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருந்துகொண்டு, ஸ்பெயினில் சுதந்திரம் திரும்பினால்தான் திரும்புவேன் என்று காத்திருந்தது. பிராங்கோ 1975-ல் இறந்தார். படம் 1981 செப்டம்பரில் வந்தது. எழுதியவர் அதற்கு எட்டு வருஷம் முன்பே, ஊர் திரும்பாமலே, பிரான்சில் இறந்திருந்தார்.

அதே கட்டடத்தில் பிராங்கோ காலத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 1957-ல் மாட்ரிட்டில் ‘எல் பாசோ’ என்று குழு சேர்ந்தவர்கள். அவர்களில் மிலாரெஸ், கோணிச்சாக்கைக் கிழித்து, முடிச்சுப் போட்டு, தைத்து, அதன்மேல் கறுப்பை ஊற்றியிருந்தார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அக்கா தையலைக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

“இதுக்கு யாரும் காசு கேட்டிருக்க மாட்டாங்க” என்றாள். “பேசக் கூடாதுன்னு சொன்ன வீட்டுல பாத்திரத்தைப் போட்டு உடைக்கிற மாதிரி இருக்கு.”

*

கடைசியாக பார்சிலோனா. ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள். ஃபிகெரஸுக்குப் போய் டாலியின் அருங்காட்சியகத்தைப் பார்க்க நேரமில்லை. உருகும் கடிகாரங்களைவிட, அவர் 1945-ல் எழுதிய ரொட்டிக் கூடையைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை. மேசை விளிம்பில் கூடை, பின்னால் சான்செஸ் கோட்டானின் அதே இருட்டு. கனவுகளை எழுதிக்கொண்டிருந்தவரும் சாப்பாட்டை எழுத உட்கார்ந்தபோது பாட்டன் வீட்டு ஜன்னலுக்குத்தான் வந்தார்.

குறுகலான மொன்காதா தெருவில் பழைய மாளிகைகளைச் சேர்த்து அமைத்த பிக்காசோ அருங்காட்சியகம். அங்கே ஒரு சின்னப் படம், நான்காம் பிலிப்பின் முகம். பிக்காசோ மாட்ரிட்டில் படித்த பதினாறு வயதில் பிராடோவில் நின்று வெலாஸ்கெஸைப் பார்த்து எழுதிய நகல். அதற்கப்புறம் அறுபது வருஷம் கழித்து, 1957 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை, பிரான்சின் கான் நகரத்து வீட்டில் கதவை மூடிக்கொண்டு ‘லாஸ் மெனினாஸ்’ படத்தை மறுபடி மறுபடி எழுதினார். மொத்தம் 58 ஓவியங்கள் கொண்ட வரிசை. 1968-ல் அத்தனையையும் இந்த அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார்.

முதல் படம்தான் பெரியது. அகலவாக்கில் இரண்டரை மீட்டருக்கு மேல். அதில் நிறமே இல்லை, ‘குவெர்னிகா’ போலவே கறுப்பு, வெள்ளை, சாம்பல். ஓவியர் மட்டும் உத்தரத்தைத் தொடும் உயரத்துக்கு நீண்டு நிற்கிறார், டொலேடோவின் விண்ணகத்தில் நீண்டவர்களைப் போல. மார்பில் அந்தச் சிலுவை. அரண்மனைப் பெருநாய் போய், அது கிடந்த இடத்தில் பிக்காசோவின் சொந்தக் குட்டைக்கால் நாய், கோடுகளால் மட்டும்.

நான் ஓவியரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வலது பக்கச் சுவரைக் காட்டினாள்.

“ஜன்னலையெல்லாம் திறந்து விட்டுட்டான் பார்.”

உண்மைதான். வெலாஸ்கெஸின் அறையில் வலது பக்க ஜன்னல்கள் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். அதனால்தான் மேல்பாதி அவ்வளவு இருட்டு. பிக்காசோ அவற்றை வரிசையாகத் திறந்திருக்கிறார். முன்னூறு வருஷமாக நிழலில் இருந்த உத்தரத்தில் வெளிச்சம் விழுகிறது. அதற்காக அவர் ஒரு சிவப்போ மஞ்சளோ சேர்க்கவில்லை. கையில் இருந்த கறுப்பிலிருந்தே அந்த வெளிச்சத்தை எடுத்திருக்கிறார்.

“நிக்குதா?” என்று கேட்டேன்.

அக்கா வழக்கம்போல விரலை நீட்டினாள். காவலாளி ஓரடி முன்னால் வந்தார். விரலை மடக்கிக்கொண்டு, “நிக்குதுடா” என்றாள்.